தினமும் ஓர் ஓமர் மன்னா: தனி ஜெபமும் வேத தியானமும் பழக்கமாக ஒரு முழுமையான வழிகாட்டி

ஆச்சி இறந்தபின் அவருடைய வேதாகமம் என் கைக்கு வந்தது. கறுப்பு அட்டை. முதுகுப்பக்கம் பிய்ந்து, சைக்கிள் ட்யூபுக்குப் போடும் பசையால் தாத்தா ஒட்டிய தழும்பு தெரியும். சங்கீதப் பக்கங்கள் மட்டும் ஓரம் பழுத்து, விரல் பட்டுப் பட்டு வழுவழுவென்று இருந்தன. நடுவில் காய்ந்துபோன ஒரு குருத்தோலைச் சிலுவை. 121ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் நீல மையில் ஏழு தேதிகள். அதில் ஒன்று அப்பா முதல்முறை வேலைக்காக பம்பாய்க்கு ரயிலேறிய நாள். இன்னொன்று நான் பிறந்ததற்கு மறுநாள். மற்ற ஐந்தும் எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்' என்ற வரிக்கு நேராக அந்தத் தேதிகள் வரிசையாக நிற்கின்றன.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஆச்சி, பால்காரர் மணி அடிக்கும் முன்னால் எழுந்து, அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்து வேதம் வாசிப்பார். அதிகம் போனால் இருபது நிமிஷம். 'குயட் டைம்', 'டிவோஷன்' என்ற வார்த்தையெல்லாம் அவருக்குத் தெரியாது. 'வேதம் வாசிச்சிட்டு வாரேன்' என்பார், அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி, அப்படி ஒரு பழக்கம் தனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டவர்களுக்காக. நானும் அப்படி விட்டவன்தான். ஒரு ஜனவரி முதல் தேதி, நாளுக்கு மூன்று அதிகாரம் என்று ஆரம்பித்தேன். ஆதியாகமம் ஓடியது. யாத்திராகமத்தில் ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகள் வந்ததும் மூச்சு வாங்கியது. லேவியராகமத்தில் நின்றுபோனேன். பன்னிரண்டு அதிகாரம் பாக்கி விழுந்துவிட்டது. அதை எப்படி ஈடுகட்டுவது என்று மலைத்து, வேதத்தைத் திறக்கவே கூச்சப்பட்டு, இரண்டு வருஷம் போய்விட்டது. ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாளும் தவறவில்லை. ஆனால் தனியாக கர்த்தரோடு உட்கார எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு வருஷம் என்ன இழந்தேன் என்று பின்னால்தான் புரிந்தது.

தினமும் எதற்கு?

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் வானத்திலிருந்து கொடுத்த ஆகாரம்தான் மன்னா. தலைக்கு ஓர் ஓமர்; ஓமர் என்பது அந்தக் கால அளவு. அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களின் மன்னா பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் விதிவிலக்கு. வெயில் ஏறினால் தரையில் கிடப்பது உருகிவிடும். நாற்பது வருஷமும் தேவன் தம் ஜனங்களுக்கு அப்படித்தான் சாப்பாடு போட்டார். ஒரு மாதத்துக்கான மூட்டையை மொத்தமாக இறக்கிப் போட அவரால் முடியாதா? முடியும். ஆனால் மூட்டை வந்துவிட்டால் அடுத்த மாதம்வரை யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் தினமும் தம்மிடம் வரவேண்டும் என்பதற்காகவே அளந்து கொடுத்தார்.

நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கத்தை வைத்து சனிக்கிழமைவரை ஓட்டப் பார்க்கிறோம். இல்லையென்றால் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை பீரோ கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வருஷம் முழுவதற்கும் அதுவே போதும் என்று இருந்துவிடுகிறோம். அந்த அட்டையை நான் குறை சொல்லவில்லை; என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது திறந்து பார்த்திருக்கிறோமா?

இன்னொரு காரணமும் உண்டு; எனக்கு அதுதான் பெரியது. மாற்கு 1:35இல் இயேசுவைப் பற்றி, 'அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்' என்று வாசிக்கிறோம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இரண்டு வசனம் மேலே இருக்கிறது. கப்பர்நகூம் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள், வியாதிக்காரரைச் சுமந்துகொண்டு. அப்படி ஒரு நாளுக்குப் பிறகு யாராக இருந்தாலும் விடிந்தபின்னும் தூங்கத்தான் செய்வோம். அவர் இருட்டோடே எழுந்தார். சீஷர்கள் தேடி வந்து 'உம்மை எல்லாரும் தேடுகிறார்களே' என்கிறார்கள். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எதற்குச் சரி சொல்வது, எதை விட்டுவிட்டு நகர்வது என்கிற தெளிவு ஜெபித்துவிட்டு வந்தவரிடம் இருந்தது. ஆளாளுக்கு நம்மைப் பிடித்து இழுக்கிற நாள்களில் நமக்கும் வேண்டியது அதுதான்.

சரி, இனி எப்படி என்று பார்ப்போம்.

முதல் படி: முந்தின இரவே நேரத்தையும் இடத்தையும் குறித்துவிடுங்கள்

'நாளையிலிருந்து சீக்கிரம் எழணும்' என்ற தீர்மானம் காலையில் நிற்காது. 'ஐந்தரை மணி, பின்கட்டுப் படி, மாற்கு முதல் அதிகாரம்' என்பது நிற்கும். வேதாகமம், நோட்டு, பேனா மூன்றையும் அந்த இடத்தில் இரவே வைத்துவிடுங்கள். அலாரத்தைவிட முக்கியம், முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தோம் என்பது. பன்னிரண்டு மணிவரை ரீல்ஸ் பார்த்தவனை எந்த அலாரமும் ஜெபிக்க வைக்காது, எழுப்ப மட்டும் செய்யும்.

காலையில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. 'காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகி, காத்திருப்பேன்' என்று தாவீது பாடினார். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டார். ஈசாக்கு சாயங்காலத்தில் தியானம்பண்ண வயல்வெளிக்குப் போனார். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் நர்ஸ் அக்காவுக்கு, படுப்பதற்கு முன் வரும் அந்தக் கால் மணி நேரம்தான் அதிகாலை. ஆனாலும் வாய்ப்பிருப்பவர்கள் காலையையே தேர்ந்தெடுங்கள் என்பேன். மற்றவர்களின் குரல் காதில் விழும் முன் கர்த்தருடைய குரல் விழட்டும்.

இடம் என்றதும் பலர் தயங்குவது, 'எங்க வீட்ல தனி ரூம் இல்லையே' என்றுதான். 'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' என்று இயேசு சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த கலிலேயா ஏழைகளில் எத்தனை பேருக்குத் தனி அறை இருந்திருக்கும்? அறைவீடு என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் வார்த்தை தமெயோன். தானியமும் சாமான்களும் போட்டு வைக்கும் உள்ளறை. லூக்கா 12:24இல் காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று வருகிறதே, அங்கேயும் இதே வார்த்தைதான். ஆக, அரிசி மூட்டைக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில் முழங்காலிட்டாலும் அது அறைவீடுதான். மொட்டைமாடி, மாடிப்படித் திருப்பம், ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் பார்க்கிங்கில் பத்து நிமிஷம் என்று, எனக்குத் தெரிந்தவர்கள் இப்படித்தான் இடம் பிடித்திருக்கிறார்கள்.

கைக்குழந்தை இருக்கும் தாய்மார்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாயார் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். அதில் 9 பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் இருந்த அந்த நெரிசலான வீட்டில், இடுப்பில் கட்டிய ஏப்ரனைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். அம்மா ஜெபிக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். உங்களுக்கு முந்தானை இருக்கிறது. குழந்தை பால் குடிக்கும் நேரத்தில் ஒரே ஒரு வசனம், ஒரே ஒரு விண்ணப்பம். இந்த ஒன்றிரண்டு வருஷங்களுக்கு அது போதும். குறைவாகச் செய்கிறோம் என்ற குற்ற உணர்வைத் தூக்கிச் சுமக்காதீர்கள்.

இரண்டாம் படி: கையில் அச்சு வேதாகமம்

போனில் ஆப் இருக்கிறது, எனக்கும் உண்டு. பஸ்ஸில் வாசிக்க அது நல்லது. தனி ஜெபத்துக்கு வேண்டாம். வசனத்துக்கு மேலே ஒரு வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்த்தால் போதும், ஜெபிக்க உட்கார்ந்தவன் பத்து நிமிஷம் கழித்து எங்கேயோ இருப்பான். வேறு வழியில்லை என்றால் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுத் திறங்கள்.

எந்த மொழிபெயர்ப்பு? நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. அதன் ஓசை எனக்கு உயிர். ஆனால் அதன் சொற்கள் சில இடங்களில் நம்மை ஏமாற்றிவிடும். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நான் தாழ்ச்சியடையேன்' என்பதை, யாருக்கும் தாழ்ந்துபோக மாட்டேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே வரி, 'ஆண்டவரே என் ஆயர். எனக்கேதும் குறையில்லை' என்று இருக்கிறது. அன்றைக்குத்தான் அந்தச் சங்கீதம் சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசுவது எனக்கு உறைத்தது. பழைய மொழிபெயர்ப்பில் வாசியுங்கள். புரியாத இடத்தில் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தியானப் புத்தகங்கள், மாதாந்தரத் தியானப் பத்திரிகைகள் எல்லாம் ஊறுகாய் மாதிரி. சோறு வேதம்தான். ஊறுகாயை மட்டும் நக்கிவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

மூன்றாம் படி: எங்கே தொடங்குவது

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்குப் பத்து வசனம் என்று போனாலும் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். அதன் கூடவே நாளுக்கு ஒரு சங்கீதம், அது நீளமாக இருந்தால் பாதி. மாற்கு முடிந்ததும் பிலிப்பியர், யாக்கோபு. அதற்குப் பின் ஆதியாகமம்.

வாசித்துப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்தில் 5 நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். நீதிமொழிகள் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. முழு வேதாகமமும் 1189 அதிகாரம். கிழமை நாள்களில் 3, ஞாயிறன்று 5 என்று வாசித்தால் வருஷத்தில் முடியும். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரப் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842இல் தன் சபைக்காகப் போட்ட அட்டவணையில், வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டுமுறையும் வரும். அடுத்த வருஷமே, 29 வயதில், அவர் இறந்துபோனார். அந்த அட்டவணையை இன்றைக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் முதல் வருஷத்திலேயே 1189ஐத் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எத்தனை அதிகாரம் முடித்தோம் என்று எண்ண ஆரம்பித்தால், வாசித்த அதிகாரத்தில் யார் பேசினார் என்பது மறந்துபோகும். கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய வார்த்தை என்று எடுக்கும் வழக்கமும் வேண்டாம். எழுதியவர் ஒரு வரிசையில் எழுதினார். அந்த வரிசையில் நடப்பதுதான் அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

நான்காம் படி: வாசிக்கும் முன் இரண்டு நிமிஷம்

உட்கார்ந்ததும் பக்கத்தைத் திறக்காதீர்கள். சும்மா இருங்கள். மூச்சு அடங்கட்டும். பாட வருமென்றால் ஒரு கீர்த்தனையின் பல்லவியை மெதுவாகப் பாடலாம். பிறகு, 'உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்' என்ற சங்கீதம் 119:18ஐ உங்கள் ஜெபமாகச் சொல்லுங்கள். இரவெல்லாம் குழந்தை அழுது தூங்காத நாளென்றால் அதையும் சொல்லுங்கள். 'ஆண்டவரே, தூக்கம் வருது. இருந்தாலும் வந்திருக்கேன்.' ஜெபத்துக்கென்று தனித் தமிழ் எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: வாய்விட்டு வாசித்து, அசைபோடுவது

மற்றதெல்லாம் இந்தப் படியைச் சுற்றித்தான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

'இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்' என்று முதல் சங்கீதம் சொல்லும்போது நமக்குக் கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் நினைவுக்கு வருகிறார். எபிரெயத்தில் அங்கே இருக்கும் வார்த்தை ஹாகா. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் (ஏசாயா 31:4), எசேக்கியா ராஜா வியாதியில் புறாவைப்போல் புலம்புவதற்கும் (ஏசாயா 38:14) அதே வார்த்தைதான். தியானம் என்றால் வாய்க்கும் வேலை உண்டு. ஆச்சியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது ஏன் என்று இப்போது புரிகிறது. வாசித்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக அவருக்கு அவசரம் இருந்ததில்லை. வாசல் தொழுவத்தில் படுத்திருந்த மாட்டைப்போல அசைபோட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு பகுதியை மூன்றுமுறை வாசியுங்கள். முதல்முறை, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. இரண்டாம்முறை சத்தமாக, மெதுவாக. எந்த இடத்தில் மனம் தட்டுகிறதோ அங்கே நில்லுங்கள். மூன்றாம்முறை, அந்த ஓர் இடத்தை மட்டும்.

ஓர் உதாரணம். மாற்கு 4:35 முதல் 41 வரை, கடலில் புயல். ஓய்வுநாள் பள்ளி நாள்களிலிருந்து எத்தனையோ முறை கேட்ட கதை. ஒருநாள் காலையில் சத்தமாக வாசித்தபோது 36ஆம் வசனத்தில் நின்றேன். 'அவர் படவிலிருந்தபடியே அவரைக் கொண்டுபோனார்கள்.' இருந்தபடியே. படவில் உட்கார்ந்து, கரையில் நின்ற ஜனங்களுக்குப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போகாமல், உடை மாற்றாமல், அப்படியே. அடுத்தது 38: 'கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்.' மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதுகிறார்கள். தலையணை அவர்களிடம் இல்லை. மாற்கு மட்டும் அதைப் பார்த்துவைத்திருக்கிறார். கர்த்தர் களைத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் தலையணை தேடும் அளவுக்கு, புயலிலும் எழாத அளவுக்குக் களைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் நெஞ்சில் இறங்கியது.

அதற்கப்புறம் சீஷர்களின் கேள்வி: 'போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?' அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரு கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இதே கேள்வி என் வாயிலும் இருந்தது. கேட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று பயந்து விழுங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டார்கள். அவர் எழுந்து முதலில் காற்றை அதட்டினார், அதற்குப் பின்தான் 'ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?' என்று அவர்களைக் கேட்டார். நோட்டில் அன்று நான் எழுதியது மூன்று வரி:

அவர்: படகில் இருக்கிறார், களைத்திருக்கிறார், எழுப்பினால் எழுகிறார்.
நான்: எழுப்பப் பயப்படுகிறேன்.
இன்று: கடன் விஷயத்தை மனைவியிடம் மறைக்காமல் சொல்லி, இருவரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும்.

இந்த மூன்று வரி முறையையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்தப் பகுதி கர்த்தரைப் பற்றி என்ன காட்டுகிறது, என்னைப் பற்றி என்ன காட்டுகிறது, இன்றைக்கு நான் செய்ய வேண்டியது என்ன. வரிசையை மாற்றாதீர்கள். 'எனக்கு என்ன இருக்கு' என்று தொடங்கினால் ஒவ்வொரு பக்கத்திலும் நம் முகமே தெரியும். சில நாள் மூன்றாவது வரி காலியாக இருக்கும், பரவாயில்லை. இழுத்துப் பிடித்து நிரப்ப வேண்டாம்.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் மடத்துத் துறவி இரண்டாம் குய்கோ இதே பாதையை நான்கு படிகளாகச் சொல்லிவைத்தார். வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது மெல்லுவது, ஜெபிப்பது அதன் சாறு இறங்குவது, நான்காவது, அதன் இனிமையில் அமர்ந்திருப்பது. கத்தோலிக்க நண்பர்கள் திருப்பலி வாசகத்தை வைத்து இதே முறையில் தியானிப்பதைப் பார்த்திருக்கிறேன். சபை வேறானாலும் பசி ஒன்றுதான்.

ஆறாம் படி: வாசித்ததையே ஜெபமாக்குங்கள்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் ஜெப வீரர் என்றே நமக்குத் தெரியும். அவரே ஒரு விஷயத்தை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார். பத்து வருஷமாவது, காலையில் எழுந்ததும் முதலில் ஜெபத்தில்தான் தொடங்குவாராம். மனம் அலைந்து, சில நாள் அரைமணி நேரம் போனபின்தான் உண்மையாக ஜெபிக்க ஆரம்பிப்பாராம். 1841இல் வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தை எடுத்துத் தியானித்தார். அந்தத் தியானமே தானாக அறிக்கையாகவும் ஸ்தோத்திரமாகவும் விண்ணப்பமாகவும் திரும்பிவிட்டது. முல்லருக்கே மனம் அலைந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்படியே செய்யுங்கள். புயல் பகுதியை வாசித்த அன்று, 'ஆண்டவரே, நீர் படகில் இருக்கிறீர், ஸ்தோத்திரம். உம்மை எழுப்பப் பயந்தேனே, மன்னியும். இந்தக் கடன் விஷயத்தில் எழுந்து அதட்டும்' என்றே ஜெபிக்கலாம். ஜெபிக்க விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை.

வேறு விண்ணப்பங்களுக்கு, இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தின் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம். அப்புறம்தான் ஆகாரம், அதுவும் இன்றைக்கு வேண்டியது. பிறகு மன்னிப்பு. பாவ அறிக்கையில் மட்டும் பொதுவாகப் பேசாதீர்கள். 'அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்களை' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவது நமக்குக் கைவந்த பழக்கம். 'நேத்து ராத்திரி அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன மாத்திரத்தில் அம்மாவுக்கு போன் செய்யத் தோன்றும்.

ஏழாம் படி: ஜெபக் குறிப்பேடு

'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று சபை வாசலில் சொல்லிவிட்டு மறந்துபோவது நம் எல்லாரிடமும் உள்ள குறை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டார் பெயர்கள் தினமும். மற்றவர்களைக் கிழமைக்குப் பிரித்துவிடுங்கள்: திங்கள் சொந்தக்காரர், செவ்வாய் வேலை இடம், புதன் நோயாளிகள், வியாழன் ஊழியர்கள், இப்படி. இடது பக்கம் விண்ணப்பமும் தேதியும். வலது பக்கம் காலி. பதில் வரும்போது அங்கே தேதி. 'இல்லை' என்று பதில் வந்தாலும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது, நாம் கேட்டதையே மறந்துபோன விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

எட்டாம் படி: ஒரு வரியைக் கையோடு கொண்டுபோங்கள்

எழும் முன், அன்றைய பகுதியிலிருந்து ஒரு வரியைத் துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, லிஃப்ட்டில், மதியம் சாப்பிடும் முன் ஒருமுறை பாருங்கள். இரவு படுக்கும்போது தாளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்று மனதில் நின்றாலும் வருஷத்துக்கு 52. அதிகம் வேண்டுமென்றால் 119ஆம் சங்கீதம் இருக்கிறது: 22 பகுதி, ஒவ்வொன்றிலும் 8 வசனம், மொத்தம் 176. ஆலெப், பேத் என்று நம் வேதாகமத்தில் தலைப்பு போட்டிருக்குமே, அவை எபிரெய எழுத்துகளின் பெயர்கள். மூலத்தில் அந்தந்தப் பகுதியின் எட்டு வசனமும் அந்த எழுத்தில்தான் தொடங்கும்.

இதன் மதிப்பு சாதாரண நாள்களில் தெரியாது. அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்த நாள், தியேட்டருக்கு வெளியே நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பையில் வேதாகமம் இருந்தது. எடுத்துத் திறந்தால் எழுத்து கண்ணில் நிற்கவில்லை. ஜெபிக்க வாய் வரவில்லை. உள்ளேயிருந்து தானாக வந்தது, எப்போதோ தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த புலம்பல் 3ஆம் அதிகார வரி: 'அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது.' அந்த நாலரை மணி நேரமும் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். புறாவைப்போல.

விட்டுப்போனால், வறண்டுபோனால்

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு வாசிக்காதீர்கள். நேற்றைய சாப்பாட்டை இன்று சேர்த்துச் சாப்பிடுகிறோமா? தேதி போட்ட அட்டவணை வைத்திருந்தால் விட்டதை விட்டுவிட்டு இன்றைய தேதிக்கு வாருங்கள். என்னைத் தடுக்கிவிட்டது லேவியராகமம் என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்; உண்மையில் தடுக்கியது அந்தப் பன்னிரண்டு அதிகாரப் பாக்கிதான்.

மனம் அலைகிறதா? கேஸ் புக் பண்ண வேண்டும், ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று வரிசையாக வரும். பக்கத்தில் ஒரு தாளில் அதை எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். எழுதிவிட்டால் மனம் அதை விட்டுவிடும்.

வாரக்கணக்கில் எதுவும் உணரவில்லை என்றால் 13ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' இன்னும் இருட்டாக இருந்தால் 88. அந்தச் சங்கீதம் கடைசிவரை வெளிச்சம் இல்லாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட வார்த்தைகளோடு தம்மிடம் வருவதற்கு அவர் இடம் வைத்திருக்கிறார். சூரைச்செடியின் கீழ் 'போதும்' என்று சாகக் கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும்தான்; சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். எனவே உடம்பையும் பாருங்கள். தூக்கம், பசி, ஆசை எல்லாம் நாள்கணக்கில் அற்றுப்போனால் டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

படுக்கையில் இருப்பவர்களுக்கு உட்காருவதும் முழங்காலிடுவதும் முடியாது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே, வலியோடு. அந்த இருபது வருஷத்திலும் அவருடைய ஜெபமும் எழுத்தும் நிற்கவில்லை. வாசிக்க முடியாதவர்களுக்கு வேறொருவர் வாசித்துக் காட்டலாம், ஒலி வேதாகமமும் இருக்கிறது. கண்புரை முற்றியபின் ஆச்சிக்கு நான் வாசிப்பேன். பாதி வசனத்தில் நிறுத்தினால் மீதியை அவர் சொல்லி முடிப்பார்.

குடும்ப ஜெபம் இதற்கு மாற்று அல்ல, இது குடும்ப ஜெபத்துக்கும் மாற்று அல்ல. இரண்டும் வேண்டும். காலையில் தனியாக வாசித்ததை இரவு குடும்ப ஜெபத்தில் இரண்டு நிமிஷம் பகிர்ந்தால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

முதல் வாரம்

இன்று இரவே நோட்டையும் வேதாகமத்தையும் இடத்தில் வைத்துவிடுங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிஷம்: இரண்டு நிமிஷம் அமைதி, எட்டு நிமிஷம் வாசிப்பும் மூன்று வரியும், ஐந்து நிமிஷம் ஜெபம். முதல் வாரத்தில் சங்கீதம்கூட வேண்டாம். நேரம் மிஞ்சினாலும் கூட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்ற ஆசையோடு எழுந்து போங்கள்.

திங்கள் மாற்கு 1:1–8. செவ்வாய் 9–13. புதன் 14–20, வலையை விட்டுவிட்டுப் போனவர்கள். வியாழன் 21–28. வெள்ளி 29–34, பேதுருவின் மாமியும், வாசலில் கூடிய பட்டணமும். சனி 35–39, இருட்டோடே எழுந்தவர்; அன்றைக்கு முடிந்தால் நீங்களும் விளக்கு போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருங்கள். ஞாயிறன்று புதிய பகுதி வேண்டாம். ஆறு நாளும் நோட்டில் எழுதியதை, ஆராதனைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டுப் போங்கள். அடுத்த திங்கள் 40ஆம் வசனத்தில் குஷ்டரோகி காத்திருக்கிறான்.